வெண்கலப் பாத்திரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல வருடம் பரணில் கிடந்த வெண்கலப் பானையை இறக்கியிருக்கிறோம். உள்ளே பச்சை பச்சையாகப் படிந்திருக்கிறது. இதில் மறுபடியும் சமைக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் அந்தப் பச்சை துளிகூட இல்லாமல் போன பிறகுதான். அது களிம்பு. வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு. அது ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து உண்டாக்கும் உப்புதான் பச்சையாகத் தெரிகிறது. உணவில் கலந்தால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரும்.

காய்ந்த களிம்பைச் சுரண்டாதீர்கள், தூள் மூக்கில் ஏறும். முதலில் வெந்நீரும் சோப்பும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பிசுக்கு இருக்கும் இடத்தில் புளி வேலை செய்யாது. பிறகு எலுமிச்சம்பழ அளவு புளியை அரை டம்ளர் வெந்நீரில் ஊறவைத்து, சட்னிப் பதத்துக்குப் பிசைந்து, ஒரு டீஸ்பூன் தூள் உப்பு சேருங்கள். கல்லுப்பு கீறிவிடும். தேங்காய் நாரால் தொட்டு, ஒரு கை அகல இடத்தை இரண்டு மூன்று நிமிடம் தேய்த்து, உடனே கழுவிவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். போகாத இடத்தில் மறுமுறை தேய்க்கலாம்.

பலரும் தவறுவது இங்கேதான். ‘நன்றாக ஊறட்டும்’ என்று புளியைப் பூசி ராத்திரி முழுக்க விட்டுவிடுகிறார்கள். களிம்பு கரைந்ததும் புளி நின்றுவிடாது, உலோகத்தையும் அரிக்கும். மேற்பரப்பு மங்கிச் சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பில்தான் அடுத்த களிம்பு சீக்கிரம் பிடிக்கும்.

பச்சைக்கு அடியில் செங்கல் நிறம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதுவும் செம்பின் துருதான், இன்னும் சில முறை தேய்த்தால் போகும்.

கடைசியில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, நான்கைந்து தண்ணீர் மாற்றி அலசுங்கள். உப்பு மிச்சமிருந்தால் அதுவே புதுக் களிம்பைக் கொண்டுவரும். துணியால் ஈரம் போகத் துடைத்து, அரிசி களைந்த தண்ணீரை முக்கால் பானை ஊற்றி, பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் சில நாளில் சிறு குழிகளிலிருந்து வெளிர்பச்சைத் தூள் திரும்பத் திரும்பக் கிளம்பினால், அரிப்பு உள்ளே இறங்கிவிட்டது. அந்தப் பானை அலங்காரத்துக்கு மட்டும்தான்.

கேள்வி: வெண்கலத்துக்கு ஈயம் பூச வேண்டுமா?

பதில்: வழக்கமாகத் தேவையில்லை. ஈயம் பூசாமல் சமைக்கக் கூடாதது பித்தளை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பாத்திரத்தைத் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டிப் பாருங்கள்: வெண்கலம் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கும். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. பித்தளை செம்பும் துத்தநாகமும்.

பித்தளைக்குப் பூசும்போது சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் கலந்தால் விஷம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அதனால் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காயவைக்கக் கூடாது; உள்பக்கம் கம்பி நாரும் கூடாது. மஞ்சள் எட்டிப் பார்த்தால் மறுபூச்சுக்கு நேரமாகிவிட்டது.

கேள்வி: அடிப்பிடித்த உருளியில் தண்ணீர் ஊற்றியதும் ‘டங்’ என்று கீறல் விட்டுவிட்டது. ஒட்டவைக்கலாமா?

பதில்: சமையலுக்கு என்றால் வேண்டாம். பற்றவைக்கும் உலோகத்தில் காரீயம் இருக்கலாம். வெள்ளீயம் அதிகமுள்ள வெண்கலம் கெட்டியானது, ஆனால் வளைந்து கொடுக்காது. சூட்டில் குளிர்நீர் பட்டால் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கி விரிசல் விடும். கீழே போட்டாலும் நசுங்காது, உடையும்.

இனி அடிப்பிடித்தால் இறக்கி, தானாக ஆறவிடுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பி, இரண்டு டீஸ்பூன் சமையல் சோடா போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மறுபடியும் ஆறவிட்டு, மரக்கரண்டியால் தள்ளினால் கருகல் பெயர்ந்து வரும்.

கேள்வி: தினமும் பளபளவென்று வைத்திருக்க என்ன செய்வது?

பதில்: தினமும் பளபளப்பு எதற்கு? நாள்பட வரும் மங்கல் பழுப்பு கெடுதல் அல்ல, பச்சைதான் கெடுதல். அன்றாடம் மிதமான சோப்பும் தேங்காய் நாரும் போதும். புளி மாதம் ஒருமுறை, அதுவும் வேண்டுமென்றால். கடையில் விற்கும் திரவப் பாலிஷ் விளக்குக்குச் சரி, சமைக்கும் பாத்திரத்தின் உள்ளே வேண்டாம். டிஷ்வாஷரும் பிளீச்சும் கூடவே கூடாது.

கழுவியதும் கவிழ்த்து வைப்பதைவிடத் துடைத்து வைப்பது முக்கியம். எடுத்து வைப்பதானால் பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைபட்டுக் களிம்பு கட்டும்.

கேள்வி: புளிக்குழம்பு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சோறு, பொங்கல், பாயசம், கூட்டு என்று புளிப்பில்லாததற்கே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றையும் சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். ராத்திரி முழுக்க அதிலேயே வைக்க வேண்டாம்.