ஆப்ப சோடாவா, குளிர்ந்த பாலா, சீரகத் தண்ணீரா?

கேள்வி: எனக்கு 44 வயது. கணவரோடு சேர்ந்து மளிகைக் கடை பார்த்துக்கொள்கிறேன். கடை அடைத்து, வீட்டுக்கு வந்து சாப்பிட இரவு பத்தரை ஆகிவிடும். பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, படுத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குழியிலிருந்து தொண்டை வரை எரிகிறது. புளித்த தண்ணீர் வாய்க்கு வருகிறது. மாமியார் சீரகத் தண்ணீர் குடி என்கிறார். பக்கத்துக் கடைக்காரர் ஆப்ப சோடா என்கிறார். மகள் செல்போனில் பார்த்துவிட்டு ஆப்பிள் சிடர் வினிகர் வாங்கித் தந்திருக்கிறாள். நான் குளிர்ந்த பால் குடிக்கிறேன். மாத்திரை இல்லாமல் வீட்டிலேயே சரிசெய்ய எது நல்லது? பி.பி.க்கு மட்டும் ஆறு மாதமாக அம்லோடிபின் சாப்பிடுகிறேன். என் கணவருக்கும் (52 வயது, சர்க்கரை உண்டு) மூட்டை தூக்கும்போதும் மாடி ஏறும்போதும் இதே எரிச்சல் வருகிறது. உட்கார்ந்து ஒரு சோடா குடித்தால் அவருக்குச் சரியாகிவிடுகிறது.

- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் எரிச்சலை அப்புறம் பார்ப்போம். கடைசி இரண்டு வரியில் கணவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் அவசரம்.

உங்களுக்கு எரிவது சாப்பிட்டுப் படுத்தால். அவருக்கு எரிவது உடம்பு வேலை செய்தால். இரண்டும் ஒன்றல்ல. மாடி ஏறும்போது வந்து, நின்றால் அடங்குகிற நெஞ்செரிச்சல் வயிற்றுக் கோளாறாக இருப்பதைவிட, இதயத் தசைக்குப் போகிற ரத்தம் போதாமல் வருவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சோடா குடித்ததும் சரியாகிறதே என்பீர்கள். சோடா குடிக்க அவர் உட்கார்ந்தார் அல்லவா? அந்த ஐந்து நிமிட ஓய்வுதான் எரிச்சலை அடக்கியது. பேர் சோடாவுக்குப் போய்விட்டது. ‘கேஸ் பிடிச்சிருக்கு’ என்று பூண்டைச் சுட்டுத் தின்றுவிட்டுத் தாமதமாக வந்து சேர்ந்தவர்களை நெஞ்சு வலி வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்புகூட ‘சுருக்’கென்ற வலியாக வராமல் வெறும் எரிச்சலாக, மூச்சு வாங்கலாக, காரணமில்லாத அசதியாக வரலாம்.

ஆகவே இந்த வாரமே அவரை இதய மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதுவரை மூட்டை தூக்க வேண்டாம். படுக்க வைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருந்தது என்று திரும்பி வந்துவிடாதீர்கள். வேலை செய்யும்போது மட்டும் வருகிற தொந்தரவு, ஓய்வில் எடுக்கும் ஈ.சி.ஜி.யில் தெரியாமல் போகலாம். ‘மாடி ஏறினால் வருகிறது’ என்ற அந்த ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். டிரெட்மில் போன்ற அடுத்த சோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார். இதற்கிடையில் சும்மா இருக்கும்போதே எரிச்சல் வந்து பத்து நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, கை, தாடை, முதுகுக்குப் பரவினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். டூவீலரில் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போக வேண்டாம்.

இனி உங்கள் விஷயம்.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில், சுருக்குப் பை மாதிரி இறுக்கிப் பிடிக்கும் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உடனே மூடிக்கொள்ளும். இரைப்பைக்கு உள்ளே கெட்டியான சளிப் படலம் இருப்பதால் அமிலம் அதை ஒன்றும் செய்யாது. உணவுக்குழாய்க்கு அப்படிப்பட்ட கவசம் கிடையாது. வளையம் தளர்ந்து அமிலம் மேலே ஏறினால் எரிகிறது. பலருக்கு அமிலம் அதிகமாகச் சுரப்பதே இல்லை. இருக்கிற அமிலம் இடம் மாறிப் போகிறது, அவ்வளவுதான். இது புரிந்தால், நீங்கள் கேட்ட நாலு வைத்தியத்தையும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

பால் முதலில். குடித்ததும் இதமாக இருப்பது உண்மை. 1915-இல் சிகாகோவைச் சேர்ந்த பெர்ட்ராம் சிப்பி என்ற மருத்துவர், வயிற்றுப் புண்ணுக்கு மணிக்கு ஒருதரம் பாலும் கிரீமும் கொடுக்கும் வைத்தியத்தையே எழுதி வைத்தார். பல பத்தாண்டுகள் உலகமே அதைப் பின்பற்றியது. பாலில் உள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கொஞ்ச நேரம் கழித்து அமிலச் சுரப்பைத் தூண்டுகின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. கொழுப்பு அதிகமான பால் இரைப்பையிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். பத்தரைக்குச் சாப்பாடு, பன்னிரண்டுக்கு ஒரு டம்ளர் பால் என்றால், இரவு இரண்டு மணிக்கு மறுபடி எழுந்திருப்பீர்கள். குடித்தே ஆக வேண்டுமென்றால் ஆடை எடுத்த பால் அரை டம்ளர் போதும்.

ஆப்ப சோடா அமிலத்தை நிஜமாகவே முறிக்கும். ஆனால் உங்களுக்கு வேண்டாம். அரைத் தேக்கரண்டியில் சுமார் 600 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.பி. உள்ளவர் ஒரே மடக்கில் அதில் கால் பங்குக்கு மேல் குடிப்பானேன்? தண்ணீரில் போட்டதும் ‘புஸ்’ஸென்று பொங்கும் பாக்கெட் பொடிகளிலும் இருப்பது பெரும்பாலும் இதே சோடாதான். நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் தருகிறேன் என்பார்கள். அதைத் தொடர்ந்து சாப்பிட்டாலும் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். இயற்கை என்பதாலேயே சாது என்று சொல்லிவிட முடியாது.

வினிகர் பாட்டிலைத் துணி அலசவோ ஊறுகாய்க்கோ வைத்துக்கொள்ளுங்கள். அமிலம் பட்டு எரியும் இடத்தில் இன்னொரு அமிலம் எதற்கு? பல்லின் எனாமலும் கெடும். மகள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

மாமியாரின் சீரகத் தண்ணீருக்கு என் எதிர்ப்பு இல்லை. அமிலத்தைக் குறைக்கும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. ஆனாலும் நாலு மடக்கு வெதுவெதுப்பான தண்ணீர் உணவுக்குழாயில் ஒட்டிய அமிலத்தைக் கீழே கழுவிவிடும். அதிலே கொஞ்சம் சீரகம் இருந்துவிட்டுப் போகட்டும். புதினா மட்டும் வேண்டாம். ஜீரணத்துக்கு நல்லதென்று பேர் வாங்கிய புதினா, அந்த வளையத்தைத் தளர்த்தக்கூடியது.

உமிழ்நீரை நாம் மறந்துவிடுகிறோம். அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் அதில் இயற்கையாகவே இருக்கிறது. சாப்பிட்ட பின் அரை மணி நேரம் சர்க்கரை இல்லாத சூயிங் கம் மென்றால் எரிச்சல் குறைகிறது என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது (புதினா வாசனை இல்லாததாக வாங்குங்கள்). கல்லாவில் உட்கார்ந்து கம் மெல்லுவதா என்று கேட்பீர்கள். வெற்றிலை பாக்கு மெல்லுவதை யாராவது கேட்கிறார்களா?

ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் நிஜமான காரணம் பத்தரை மணிதான். நிறைந்த வயிற்றோடு படுத்தால் எந்த வளையமும் தோற்கும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும். கடையைச் சீக்கிரம் அடையுங்கள் என்று நான் சொன்னால் நடக்காது. அதனால் டிபன் கேரியரைக் கடைக்குக் கொண்டுபோய், ஏழரை மணிக்கு ஒருவர் மாற்றி ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். அடைத்து வந்தபின் பசித்தால் ஒரு வாழைப்பழம். அதோடு நிறுத்துங்கள். சாப்பிட்ட கையோடு குனிந்து அடுக்களை துடைப்பது, பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டியிருப்பது, இரண்டுமே வயிற்றை அழுத்தி அமிலத்தை மேலே தள்ளும்.

இடது பக்கமாகப் படுங்கள். அப்போது இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே இருக்கும். கட்டிலென்றால் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் ஆறு அங்குல உயரத்துக்கு மரக்கட்டை வையுங்கள். தலையணைமேல் தலையணை அடுக்கினால் கழுத்தும் இடுப்பும்தான் மடங்கும், எரிச்சல் கூடும். பாயில் படுப்பவரென்றால் பழைய மெத்தையை மடித்து, இடுப்பிலிருந்து தலைவரை சரிவாக வருகிறமாதிரி போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்து எப்போதாவது ஒருநாள் எரிந்தால், மருந்துக் கடையில் கிடைக்கும் ஆன்டாசிட் சிரப் இரண்டு தேக்கரண்டி குடிப்பதில் தவறில்லை. மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் எரிந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, எடை தானாகக் குறைந்தாலோ, மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. அம்லோடிபின் ரத்தக் குழாய்த் தசையைத் தளர்த்தித்தான் பி.பி.யைக் குறைக்கிறது. அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு உணவுக்குழாய் வளையத்தையும் சேர்த்துத் தளர்த்திவிடும். எரிச்சல் இந்த ஆறு மாதத்துக்குள்தான் ஆரம்பித்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்றாலும் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். மாற்று மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். எப்படியும் இந்த வாரம் கணவரைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறீர்கள். உங்கள் பி.பி. சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.