ஜெபிக்கும்போதே சந்தேகம் வருது, அப்போ என் ஜெபம் பொய்யா?

கேள்வி (அடையாளம் தெரியக்கூடிய விஷயங்கள எடுத்துட்டு சுருக்கமா போடுறேன்): "ஐயா, எங்கப்பாவுக்கு எட்டு மாசத்துக்கு முன்னாடி ஸ்ட்ரோக் வந்து வலது கை, கால் வராம போச்சு. பிசியோதெரபி நடக்குது, முன்னேற்றம் ரொம்ப கம்மி. தினமும் நைட் முழங்கால்ல நின்னு ஜெபிக்கிறேன், ஆனா ஜெபிக்கும்போதே 'இது நடக்காது'ன்னு உள்ளுக்குள்ள ஒரு குரல் சொல்லுது. எங்க ஜெபக்குழுல ஒரு அக்கா, 'உன் சந்தேகம்தான் அப்பாவோட சுகத்த தடுக்குது'ன்னு சொல்லிட்டாங்க. அதுல இருந்து வாய தொறந்தாலே நடிக்கிற மாதிரி இருக்கு. அப்பா வேற மாத்திரைய நிறுத்திட்டு ஆண்டவர மட்டும் நம்பப்போறேன்ங்கிறாரு, சுகரும் இருக்கு அவருக்கு. உண்மையான விசுவாசத்தோட ஜெபிக்கிறதுன்னா என்ன? வர்ற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அப்பாவ கூட்டிட்டு வரச்சொல்றாங்க, போகலாமா?"

தங்கச்சி, மாத்திரை விஷயத்த முதல்ல சொல்லிடுறேன் ஏன்னா அதுதான் அவசரம். நிறுத்த விடாதீங்க. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு குடுக்குற பிரஷர் மாத்திரையும் ரத்தம் கட்டாம இருக்க குடுக்குற மாத்திரையும் இன்னொரு தடவை வராம தடுக்கத்தான், நம்ம இஷ்டத்துக்கு நிறுத்துனா ரெண்டாவது ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்பு கூடும், அவர் ஏதாச்சும் மாத்திரை ஒத்துக்கலன்னு சொன்னா டாக்டர்கிட்ட சொல்லி மாத்துங்க. அப்பாகிட்ட வேதத்த வச்சே பேசுங்க. எசேக்கியா ராஜா வியாதியில சாகக்கிடந்தப்போ சுவத்துப்பக்கம் திரும்பி அழுது ஜெபிச்சாரு, ஆண்டவர் 15 வருஷம் ஆயுசு கூட்டி குடுத்தாரு, அந்த செய்திய கொண்டு வந்த அதே ஏசாயா தீர்க்கதரிசிதான் அத்திப்பழ அடைய கொண்டுவந்து பிளவை (கட்டி) மேல மருந்துப்பத்து போடுங்கன்னும் சொன்னாரு (ஏசாயா 38). வாக்குத்தத்தமும் மருந்துப்பத்தும் ஒரே வாயில இருந்து வந்துச்சு. பவுல் கூட திமோத்தேயுவுக்கு வயித்துக்கோளாறுக்கு கொஞ்சம் திராட்சரசம் சேத்துக்கன்னு எழுதுறாரு, அவரு கூடவே சுத்துன லூக்கா ஒரு வைத்தியர். மாத்திரை போட்டா அவிசுவாசம்னா இவங்க எல்லாருமே அவிசுவாசிங்கதான்.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். "உள்ளுக்குள்ள ஒரு குரல்"னு எழுதியிருக்கீங்க இல்ல, அந்தக் குரலோட ஒரு தகப்பன் இயேசுகிட்டயே வந்திருக்கான், மாற்கு 9ல. வலிப்பு மாதிரி வந்து தீயிலயும் தண்ணியிலயும் விழுற பையன், சின்ன வயசுல இருந்தே இப்படி. அவன் முதல்ல சீஷருங்ககிட்ட கொண்டு போறான், அவங்களால முடியல, சுத்தி கூட்டம், வேதபாரகர் (வேதம் படிச்ச பண்டிதருங்க) வேற வந்து வாக்குவாதம். அந்த களேபரத்துல இயேசு வர்றாரு. அவன் கேக்குறத பாருங்க, "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்". செய்யக்கூடுமானால்! இத நம்ம ஜெபக்கூட்டத்துல யாராச்சும் மைக்ல சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க, நாலு பேரு திரும்பி பாப்பாங்க. விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும்னு இயேசு சொன்னதும் அவன் கண்ணீரோட சத்தமா சொல்றான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஒரே மூச்சுல ரெண்டும். போய் அவிசுவாசத்த சரி பண்ணிட்டு அடுத்த வாரம் வான்னு இயேசு அவன அனுப்பல, பையன அங்கயே அப்பவே குணமாக்குனாரு.

இதே சம்பவத்த மத்தேயு 17லயும் படிங்க, அதுல ஒண்ணு இருக்கு, உங்க குழுல அந்த அக்காவுக்கு வேணா காட்டுங்க (சண்டைக்கு இல்ல, நெசமாவே படிக்கட்டும்). எங்களால ஏன் முடியலன்னு சீஷருங்க தனியா வந்து கேக்குறப்போ, "உங்கள் அவிசுவாசத்தினாலேதான்"ங்கிறாரு. யாரப் பாத்து? ஜெபிக்கப்போன ஊழியக்காரங்களப் பாத்து. கடுகு விதையளவு விசுவாசம்னு நாம எப்பவும் சொல்ற வசனமும் அங்க அவங்களுக்கு சொன்னதுதான், அழுதுட்டு நின்ன தகப்பனுக்கு இல்ல. யாக்கோபு 5லயும் வியாதிக்காரன் சபை மூப்பர்கள கூப்பிடணும், அவங்க எண்ணெய் பூசி ஜெபிக்கணும், அந்த ஜெபத்த பத்திதான் "விசுவாசமுள்ள ஜெபம்"னு எழுதியிருக்கு. அப்புறம் எப்படி நாம பழிய தூக்கி நோயாளியோட மக தலையில வைக்கிறோம்னு எனக்கு புரியல.

புரியலன்னு சொல்றேனே தவிர நானும் அதே தப்ப பண்ணவன்தான். ஊழியத்துக்கு வந்த ரெண்டாவது வருஷம், கேன்சர்ல இருந்த ஒருத்தர் வீட்டுக்கு வாராவாரம் போவேன். நல்ல சத்தமா ஜெபிப்பேன், "சுகமாயிட்டீங்க, அத அறிக்கை பண்ணுங்க, வாயில சந்தேக வார்த்தையே வரக்கூடாது"ன்னு சொல்லுவேன். அவரும் சொன்னாரு, அவரு மனைவியும் சொன்னாங்க. அவரு இறந்துட்டாரு. அடக்கம் முடிஞ்சு மூணாவது நாள் போயிருந்தேன், அந்த அம்மா டம்ளர்ல காபிய குடுத்துட்டு சுவர பாத்துக்கிட்டே கேட்டாங்க, "ஐயா, நடுவுல ஒரு நாள் நைட்டு பயந்து அழுதுட்டேன், அதனாலயா?" அந்த காபிய நான் குடிச்சேனா இல்லையான்னு கூட ஞாபகம் இல்ல. கடைசி ரெண்டு மாசம் புருஷனும் பொண்டாட்டியும் சாவ பத்தி ஒரு வார்த்தை பேசிக்கல, பேசுனா அவிசுவாசம்னு நான் சொல்லிட்டேன். அவங்க பேசியிருக்க வேண்டியத எல்லாம் நான்தான் புடுங்கிட்டேன்.

அதுக்கப்புறம்தான் விசுவாசம்ங்கிற வார்த்தையவே திரும்ப உக்காந்து படிச்சேன். நம்ம தமிழ்ல ஒரு வசதி இருக்கு, சபைக்கு வெளிய இந்த வார்த்தைய எதுக்கு சொல்றோம்? "நாய் விசுவாசமா இருக்கு", "அந்த ஆளு முதலாளிக்கு ரொம்ப விசுவாசம்". நாய்க்கு எதிர்காலத்துல என்ன நடக்கும்னு ஒரு உறுதியும் கிடையாது, அது பாட்டுக்கு வாசல விட்டு போகாது, அவ்ளோதான். புதிய ஏற்பாட்டுல விசுவாசம்னு வர்ற கிரேக்க வார்த்தை பிஸ்டிஸ், அதுலயும் நம்புறதுங்கிற அர்த்தத்தோட இந்த உண்மையா ஒட்டிக்கிட்டு இருக்குறதுங்கிற அர்த்தமும் உண்டு. நாம என்ன பண்ணிட்டோம்னா, விசுவாசம்னா ரிசல்ட் பத்தின கேரண்டி உணர்ச்சின்னு வச்சுக்கிட்டு, மனசுக்குள்ள அந்த உணர்ச்சிய 100 பர்சென்ட் ஏத்தப் பாக்குறோம். அது ஏறாது. நம்ம உணர்ச்சிய நாமளே முறுக்கேத்திக்கிட்டு இருந்தா கண்ணு ஆண்டவர் மேல இருக்காது, நம்ம மீட்டர் மேலதான் இருக்கும்.

எட்டு மாசமா தினமும் முழங்கால்ல நிக்கிறேன்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் நான் சொல்ற விசுவாசம். நடக்காதுன்னு மனசு சொல்லியும் வாசல விட்டு போகல நீங்க.

சரி, எதிர் வசனங்கள் இருக்கேன்னு கேப்பீங்க, கேக்கணும். யாக்கோபு 1:6, "சந்தேகப்படுகிறவன் காற்றினால் அடிபட்டு அலைகிற கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான்". இது ஞானத்துக்காக கேக்குறத பத்தி வர்ற இடம், ரெண்டு வசனம் தள்ளி "இருமனமுள்ளவன்"னு விளக்கமும் இருக்கு, அந்த மூல வார்த்தைக்கு ரெண்டு ஆத்துமா உள்ளவன்னு அர்த்தம், அதாவது ஒரு கால் இங்க ஒரு கால் அங்க வச்சிருக்கவன், ஆண்டவர் சொன்னா செய்றதா வேணாமான்னு முடிவே பண்ணாதவன். பயத்துல நடுங்குறவன் வேற, இவன் வேற. அடுத்து இயேசு வளந்த ஊரு நாசரேத்து, அங்க அவிசுவாசத்தினால அதிகம் அற்புதம் நடக்கலன்னு வரும். அவங்க இவன் தச்சன்தானேன்னு இடறி, கேக்கவே வராதவங்க, உங்க நிலைமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மாற்கு 11:24, "பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள்" — இது கொஞ்சம் கஷ்டமான வசனம்தான், சுலபமா தாண்ட முடியாது. ஆனா அது "தேவனிடத்தில் விசுவாசமுள்ளவர்களாயிருங்கள்"னு ஆரம்பிக்குது, அத சொன்னவரே சில நாள்ல சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில, வரப்போற பாட்ட நெனச்சு "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்"னு கேட்டு, "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல"ன்னு முடிச்சாரு, பாத்திரம் நீங்கல. இயேசுவுக்கு விசுவாசம் பத்தலன்னு யாரும் சொல்லப்போறதில்ல. பவுல் தன் உடம்புல இருந்த ஒரு வேதனைய முள்ளுன்னு சொல்லுவாரு, மூணு தடவை கேட்டும் அந்த முள்ளு போகல. எபிரெயர் 11 விசுவாச வீரர்கள்னு பிரசங்கம் பண்ணுவோம், சிங்கத்தோட வாய அடைச்சாங்கன்னு வர்ற வரைக்கும் படிப்போம், அங்க இருந்து நாலு வசனம் தள்ளி வாளால வெட்டப்பட்டவங்களும் அதே விசுவாசத்துக்காக அதே லிஸ்ட்ல இருக்காங்க, அதுக்குள்ள டைம் முடிஞ்சிடும்.

நம்ம திருநெல்வேலி பக்கத்துலயே டோனாவூர்ல இருந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா கதை தெரியும்ல? சின்ன வயசுல அயர்லாந்துல, நீல கண்ணு வேணும்னு ஜெபிச்சுட்டு படுத்து, காலைல கண்ணாடிய பாத்தா அதே பழுப்பு கண்ணு. பின்னால இந்தியாவுல சேலை கட்டி ஜனங்களோட கலந்து வேலை செய்ய அந்த கண்ணுதான் உதவுச்சுன்னு சண்டே ஸ்கூல்ல முடிச்சிடுவோம். அதே அம்மா 1931ல கீழ விழுந்து அடிபட்டு, 1951ல இறக்குற வரைக்கும் கிட்டத்தட்ட 20 வருஷம் பெரும்பாலும் ரூம விட்டு வெளிய வர முடியாம இருந்தாங்க. அத சண்டே ஸ்கூல்ல சொல்ல மாட்டோம், ஏன்னா அதுக்கு அழகான முடிவு கிடையாது.

இன்னொரு பக்கமும் இருக்கு, சிரிப்பா கூட இருக்கும். அப்போஸ்தலர் 12ல பேதுரு ஜெயில்ல, சபை ராத்திரி முழுக்க ஒரு வீட்டுல கூடி ஜெபிக்குது. தூதன் வெளிய விட்டு, பேதுரு நேரா வந்து கதவ தட்டுறாரு. ரோதைங்கிற பொண்ணு குரல் கேட்டு சந்தோஷத்துல கதவ திறக்காமயே உள்ள ஓடி சொன்னா, ஜெபிச்சுட்டு இருந்த எல்லாரும் "நீ பிதற்றுகிறாய்"ங்கிறாங்க! கேட்டது வாசல்ல நிக்குது, நம்ப ஆளில்ல. ஆண்டவர் அவங்க விசுவாசத்த அளந்து பாத்துட்டு பேதுருவ திரும்ப ஜெயில்ல கொண்டு போய் விடல.

இப்போ இன்னைக்கு நைட்டு என்ன பண்ணலாம். முதல்ல, ஜெபத்த "கர்த்தாவே நீர் சுகமாக்கிவிட்டீர் ஸ்தோத்திரம்"னு ஆரம்பிக்காதீங்க, உங்களுக்கே அது நடிப்பா இருக்குன்னு எழுதியிருக்கீங்களே. "ஆண்டவரே, நீர் செய்வீர்னு எனக்கு தோணல, பயமா இருக்கு, களைச்சுட்டேன்"னு ஆரம்பிங்க. மரியாதை இல்லாத மாதிரி இருந்தா 13ம் சங்கீதத்த வாய்விட்டு படிங்க, ஆறே வசனம்தான். முதல் ரெண்டு வசனம் "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு நேரடியா சண்டை, நடுவுல ரெண்டு கேக்குறது, கடைசி ரெண்டுலதான் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" வரும். சில நாள் மூணாவது கட்டத்துக்கு உங்களால போக முடியாது, அப்போ நாலாவது வசனத்துலயே ஆமென் சொல்லிட்டு தூங்குங்க. 88ம் சங்கீதம் இருட்டுலயே முடியுது, அதையும் வேதத்துல வச்சிருக்காங்க.

அப்புறம் சின்னதா கேளுங்க. பெருசா கேக்கக்கூடாதுன்னு இல்ல, அப்பா எழுந்து நடக்கணும்னு தாராளமா கேளுங்க, கூடவே நாளைக்குன்னு ஒண்ணு கேளுங்க. வலது கையால டம்ளர ஒரு நிமிஷம் புடிக்கணும், பிசியோதெரபி பண்ற தம்பிகிட்ட கோவப்படாம இருக்கணும், நீங்க எரிஞ்சு விழாம இருக்கணும். ஒரு பழைய நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. பெரிய ஜெபம் மட்டுமே ஜெபிச்சா எட்டு மாசமும் "பதில் இல்ல"ன்னே இருக்கும், உண்மையில என்னென்ன நடந்துச்சுன்னு கண்ணுல படாது. நடக்காததையும் எழுதுங்க, அத மறைக்க வேணாம்.

நேரம் ரொம்ப வேணாம். ஒரு மணி நேரம் முழங்கால்ல நிக்கணும்னு யாரு சொன்னா? நாள் முழுக்க அப்பாவ தூக்கி உக்கார வச்சு குளிப்பாட்டுற உடம்பு அது. பத்து நிமிஷம் நாற்காலியில உக்காந்து ஜெபிங்க, வார்த்தை வரலன்னா பெருமூச்சு விடுங்க, ரோமர் 8:26ல அதுக்கும் கணக்கு இருக்கு. பிள்ளை இல்லாத அன்னாள் ஆலயத்துல உதடு மட்டும் அசைய ஜெபிச்சப்போ குடிச்சிருக்கான்னு ஆசாரியனே தப்பா நெனச்சாரு, ஆண்டவர் தப்பா நெனைக்கல.

அப்பாவோட சேர்ந்தும் ஜெபிங்க, இதத்தான் ரொம்ப பேரு விட்டுடுறாங்க, அவருக்காக ஜெபிப்பாங்க, அவரு கூட ஜெபிக்க மாட்டாங்க. அவருக்கு என்ன பயம்னு கேளுங்க. மாத்திரைய நிறுத்துறேன்னு சொல்றதுக்கு பின்னாடி விசுவாசமா இருக்கா இல்ல "பிள்ளைக்கு பாரமா இருக்கேன், செலவு வேற"ங்கிற எண்ணமான்னு எனக்கு ஒரு சந்தேகம், பல வீட்டுல பாத்திருக்கேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம். அங்க நீங்க அழுதா கூட அழுவாங்கன்னு தோணுச்சுன்னா போங்க, தனியா சுமக்கக்கூடாது. மேடைக்கு கூப்பிட்டு "எழுந்து நட"ன்னு அப்பாவ எல்லார் முன்னாடியும் தூக்கி நிறுத்துற கூட்டம்னா வேணாம், விழுந்தா இடுப்பு போகும். அந்த அக்காகிட்ட பகை வேணாம், அவங்களும் யாரோ ஒரு சின்ன வயசு ஊழியக்காரன்கிட்ட கேட்டதத்தான் சொல்லியிருப்பாங்க. உபவாசம் நீங்க இருங்க, அப்பா வேணாம், சுகர் மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்துல இருந்தா சுகர் இறங்கி மயக்கம் வரலாம். காலைல அவருக்கு இட்லிய குடுத்து எட்டு மணி மாத்திரைய போட வச்சுட்டு கிளம்புங்க.