ஒரே பிள்ளைக்கு இரண்டு தடவை பணம் போகிறது!

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இயங்கும் எமது தொண்டு அமைப்பு மாணவர்களுக்கு மாதாந்த உதவித்தொகை வழங்குகிறது. பட்டியலை எக்செல் கோப்பாக வட்ஸ்அப்பில் அனுப்பி, ஆளாளுக்குத் திருத்துகிறோம். சில பெயர்கள் இரு தடவை வருகின்றன. மென்பொருள் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஒரே கூகுள் ஷீட்டை வைத்து எல்லோரும் அதிலேயே வேலை செய்யுங்கள். யார் எதை மாற்றினார் என்பது அதன் திருத்த வரலாற்றில் தெரியும்.

பெயரை நம்பி ஆளை அடையாளம் காணாதீர்கள். ‘தர்ஷினி’யை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். பெற்றோரின் அடையாள அட்டை இலக்கத்தையும் பிள்ளையின் பிறந்த திகதியையும் சேர்த்துப் பாருங்கள். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். ஒருவரே இரண்டையும் வெவ்வேறு நேரம் தந்திருக்கலாம். பெரும்பாலும் இரட்டிப்பு இங்கேதான் நுழைகிறது. பழையதன் முன்னால் 19 போட்டு, பழையதன் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் வரும்.

தொலைபேசி இலக்க நிரலை, தட்டத் தொடங்கும் முன்னரே ‘பிளெயின் டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் 077இன் முதல் 0 காணாமல் போகும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல்களை, இன்றைய பொது எழுத்து முறையான யுனிகோடுக்கு மாற்றாமல் தேடினால் பெயர் அகப்படாது. இணைய மாற்றியில் பெயர் நிரலை மட்டும் ஒட்டுங்கள், முழுப் பட்டியலை அல்ல.

ஷீட்டுக்கு ‘லிங்க் உள்ள எவரும்’ பார்க்கும் அனுமதியை வைக்காதீர்கள். அதில் இருப்பவை பிள்ளைகளின் விபரங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நிர்வாகக் குழு ஒருமுறை வாசிக்கட்டும்.