மானிடவியல் படிக்க வயலை விற்கலாமா?

கேள்வி: மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிடைக்கும் போல இருக்கிறது. ஆனால் மானிடவியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். வெளிநாட்டுக்கு அனுப்பலாம், முதல் வருடத்துக்கு 42 லட்சம் என்கிறார் ஒரு முகவர். எங்களிடம் இருப்பது இரணைமடுத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் வயலும் வங்கியில் 6 லட்சமும்தான். வயலை விற்கலாமா?
- ஒரு தாய், முரசுமோட்டை

பதில்: வேண்டாம் அம்மா. முதல் பட்டத்துக்கு வயலை விற்கவே வேண்டாம். இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு எதை விற்பீர்கள்?

மகளின் ஆசை நல்ல ஆசை. மானிடவியலில் எந்தப் பக்கம் என்று அவளிடம் கேளுங்கள். அமெரிக்காவில் அதை நான்காகப் பிரித்துப் படிப்பிப்பது வழக்கம்: சமூகமும் பண்பாடும், மொழி, தொல்லியல், உடல்.

2023இல் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டும்போது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அதைப் பார்த்து வந்த ஆசையா? அப்படியென்றால் அவள் தேடுவது உடல்சார் மானிடவியல். எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா, என்ன வயது, எங்கே அடிபட்டது என்று சொல்லும் வேலை. காணாமற்போன பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்மார் உள்ள வன்னிக்கு அப்படிப் படித்தவர்கள் கட்டாயம் வேண்டும். ஆனால் அதற்கு உயிரியல் தேவை. கலைப்பிரிவிலிருந்து நேரே போவது கஷ்டம். யாழ்ப்பாணத்தில் தொல்லியல் படித்து அந்தப் பக்கம் திரும்ப முயலலாம். சடங்கு, உறவுமுறை, இடப்பெயர்வு என்றால் சமூகவியலில் சேரட்டும், மானிடவியல் அதற்குள்ளேயே வரும். ஹார்வர்டில் மானிடவியல் பேராசிரியராக இருந்த ஸ்டான்லி தம்பையாவும் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் எடுத்த பிறகுதான் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

சரி, காசு. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. கலைப்பீடம் திருநெல்வேலியில் என்பதால் தங்குமிடம், சாப்பாடு, பஸ் செலவு இருக்கும். சிறப்புப் பட்டம் நான்கு வருடம். 6 லட்சத்தை 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 12,500. மிச்சத்துக்குக் காலபோக நெல் வருமானம் இருக்கிறது; வயலை விற்றால் அதுவும் போய்விடும். மகாபொல புலமைப்பரிசிலுக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் அந்தக் காசு பிந்தியும் வரலாம், மூன்று மாதச் செலவைக் கையில் வைத்திருங்கள்.

வெளிநாடு முதுகலைக்குப் போகட்டும். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணம், விமானச் சீட்டு, மாதச் செலவு எல்லாம் அவர்களே தருவார்கள். பட்டத்தோடு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள். அதுவரை ஆங்கிலத்தை அவள் விடக்கூடாது. 6 லட்சத்தில் ஒரு பகுதியை அதற்குச் செலவழித்தாலும் நான் சந்தோஷப்படுவேன்.

வயல் உறுதியை முகவரிடம் காட்ட வேண்டாம். பிரதி கேட்டாலும் கொடுக்காதீர்கள்.