குடியை விடுவதற்கு ஏஏ கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள். எங்கே நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, அங்கே என்ன செய்வார்கள்?

நான் குடிக்காமல் ஆறு வருடம் ஆகிறது. சென்னையில் இருக்கிறேன். எனக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன். ஏஏ என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அமைப்பு.

இணையத்தில் தேடினால் கூட்டங்களின் பட்டியல் கிடைக்கும். அதை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். நான் அப்படித்தான் கிளம்பினேன். பட்டியலில் இருந்த பள்ளிக்கூடத்தில் கூட்டம் நின்று பல மாதம் ஆகியிருந்தது. வாட்ச்மேன் தெருவுக்கே கேட்கிற குரலில், "குடிக்கிறவங்க மீட்டிங்கா? அது சர்ச்சுக்கு மாறிடுச்சே சார்" என்றார். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு நான் சர்ச்சுக்குப் போகவில்லை. மணி ஏழு, டாஸ்மாக் பத்து வரைக்கும் திறந்திருக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஏஏ குழுக்களுக்குப் பெரும்பாலும் சொந்தக் கட்டடம் இருக்காது. சர்ச் வளாகத்தில் ஓர் அறை, பள்ளி வகுப்பறை என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நடத்துவார்கள். இடம் மாறும், நேரமும் மாறும். அதனால் முதலில் போன் செய்யுங்கள். ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் தொடர்பு எண்கள் இருக்கின்றன. எடுப்பவர் பெரும்பாலும் குடியை விட்ட ஒருவராகவே இருப்பார். எந்தக் கிழமை, எத்தனை மணி, தமிழில் நடக்குமா என்று கேளுங்கள். "யாராவது கூட வர முடியுமா?" என்றும் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். ஏஏவே ஒரு போனில் ஆரம்பித்ததுதான். 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்துக்கு வேலையாக வந்த ஒரு பங்குத் தரகர், ஓட்டல் பாருக்குள் நுழைந்துவிடுவோமோ என்ற பயத்தில், பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடி ஊருக்குள் போன் போட்டார். கிடைத்தவர் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். அந்த இரண்டு பேரில் தொடங்கியது இது.

எனக்காக ஒருவர் பேருந்து நிறுத்தத்தில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். நான் அன்றைக்கும் ஒரு கட்டிங் போட்டிருந்தேன். மறைக்காமல் சொன்னேன். "பரவாயில்ல, இன்னிக்கு நீங்க பேச வேணாம். உட்கார்ந்து கேளுங்க" என்றார். குடியை விடவேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் அங்கே தகுதி. கட்டணம் கிடையாது, ஊர், வேலை, சாதி எதுவும் யாரும் கேட்கவில்லை.

உள்ளே பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, டிரம்மில் டீ. டீ ஊற்றிய பெரியவர் எல்லாருக்கும் முழுக் கப் கொடுத்தார், எனக்கு மட்டும் அரைக் கப். கோபம் வந்தது. கப்பை வாங்கினேன், கை நடுங்கியது, அரைக் கப் என்பதால் சிந்தவில்லை. அப்புறம்தான் புரிந்தது. முகத்தைப் பார்க்கும் முன்பே அவர் கையைப் பார்த்திருக்கிறார்.

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பிப்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசுவதில்லை, புத்திமதி சொல்வதும் இல்லை. ஒரு ஆட்டோக்காரர் மகளின் காது கம்மலை அடகு வைத்ததைச் சொன்னார். நான் செய்ததை யார் இவரிடம் சொன்னது என்று நினைத்தேன். கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் ஆகிற காசு அது. விருப்பமிருந்தால் போடலாம், புதிதாக வருபவர் போட வேண்டாம் என்றே சொல்வார்கள்.

கடவுள் பேச்சு வரும். எனக்கு அது இன்னும் கொஞ்சம் நெருடல்தான். அவரவர் புரிந்துகொண்டபடி என்று சொல்லிவிடுகிறார்கள், நானும் விட்டுவிட்டேன். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழுவுக்குப் போங்கள். நான் மூன்றாவது இடத்தில்தான் ஒட்டிக்கொண்டேன். நீங்கள் பெண் என்றால், பெண்களுக்கென்று தனிக் கூட்டம் உண்டா என்று அதே போனில் விசாரியுங்கள். வெளியே போக முடியாதவர்கள் ஜூம் கூட்டத்தையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத உருவமெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். உயிருக்கே ஆபத்து. ஏஏவில் மருந்து கிடையாது. ஆகவே நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போதையிலிருந்து மீள உதவும் 14446 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். கூட்டத்தை அதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பதிலாக அல்ல.

வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனியாக ஒன்று உண்டு. என் மனைவி எனக்கு முன்பே, எனக்குத் தெரியாமலே, ஐந்து மாதம் அங்கே போய் வந்திருக்கிறாள். நான் கோயிலுக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே பேசுவதை வெளியில் சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய முறை. என்னைப் பற்றி என்னவெல்லாம் சொன்னாள் என்று இன்றுவரை நானும் கேட்டதில்லை.