எடிட்டிங் மென்பொருள் வளர வளர, புகைப்படக்காரரின் கலைப்பார்வை மங்கிவிடுகிறதா?

ஃபிலிமைக் கழுவி அச்சிட்ட இருட்டறைக் காலத்திலும் படம் கேமராவோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸில் எடுத்த நிலவுப் படத்தையே பாருங்கள். அச்சுத்தாளில் வானப்பகுதிக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்துக் கறுப்பாக்கினார்; 1948-இல் நெகடிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் அடர்த்தியாக்கினார். இன்றைய மென்பொருளில் ஒரு பகுதியை மட்டும் வெளிச்சமாக்கும் 'டாட்ஜ்', இருட்டாக்கும் 'பர்ன்' கருவிகளுக்குப் பெயர் வந்ததே அந்த இருட்டறையிலிருந்துதான்.

மென்பொருளால் எல்லாம் ஆகிவிடும் என்பதும் பொய். 14 பிட் ராவ் கோப்பில் (கேமரா சென்சார் பதிந்த தரவை அப்படியே வைத்திருப்பது) ஒரு நிறத்துக்கு 16,384 படிநிலைகள், ஜேபெக்கில் 256தான். படத்தின் இருண்ட பகுதியை இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, வெளிச்சமாக்கினால் ராவ் பெரும்பாலும் தாங்கும், ஜேபெக் திட்டுத்திட்டாகிவிடும். முழுக்க வெளுத்துப்போன மேகமோ எதிலுமே திரும்பாது. ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டு முதல் வெளிச்சம் வரையிலான பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று எடுக்கும்போதே பார்க்க வேண்டும்.

பார்வை நிஜமாகவே காணாமல் போவது, ஒரே சொடுக்கில் வானத்தை மாற்றும்போது (ஃபோட்டோஷாப்பில் 2020-இல் வந்த வசதி). புது வானத்தில் சூரியன் இடப்பக்கம் இருக்கும், ஆளின் நிழலும் இடப்பக்கமே விழும். குளத்திலோ பழைய வானமே தெரியும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அதே திசை வெளிச்சத்தில் நீங்களே எடுத்த வானத்தை வையுங்கள்.