தீப்புண் மேல் ஒட்டிய ஷீட்டை உரித்துப் பார்க்கலாமா?

கேள்வி: என் நான்கு வயது மகள் மேல் வெந்நீர் கொட்டி, நெஞ்சும் இடது கையும் வெந்துவிட்டன. மருத்துவமனையில் கொப்புளங்களை அகற்றிச் சுத்தம் செய்து, ‘செயற்கைத் தோல்’ என்று வெள்ளையாக ஒரு ஷீட்டை ஒட்டினார்கள். ஒட்டிய சற்று நேரத்தில் அது கண்ணாடி போல ஆகிவிட்டது. ஆறு நாள் ஆகிறது. தானாகவே உதிர்ந்துவிடும், உரிக்கக் கூடாது என்கிறார்கள். பிளாஸ்டிக் உடம்போடு ஒட்டிக்கொண்டுவிடாதா? தினமும் கட்டைப் பிரித்து மருந்து போட வேண்டாமா?

பதில்: உரிக்கவே உரிக்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

அந்த ஷீட் தோலாக மாறப்போவதில்லை. உங்கள் மகளின் உடம்பு தன் தோலைத் தானே வளர்த்துக்கொள்ளும்வரை காவல் இருப்பதுதான் அதன் வேலை. மேலோட்டமாக வெந்த புண்ணில் மேல்தோல் போய்விட்டாலும், உள்தோலில் புதைந்திருக்கும் முடிக்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் தப்பிவிடுகின்றன. அவற்றின் விளிம்பிலிருந்து புதுச் செல்கள் பக்கவாட்டில் ஊர்ந்து வந்து புண்ணை மூடும். பெரும்பாலும் இரண்டு வாரம், சில நேரம் மூன்று வாரம் ஆகும். ஈரம் காயாமல், யாரும் கை வைக்காமல் இருந்தால்தான் அந்தச் செல்கள் நகரும். தினமும் கட்டைப் பிரித்தால் முந்தைய நாள் வளர்ந்ததும் துணியோடு வந்துவிடும், குழந்தையும் துடித்துப் போகும். ஷீட் ஒட்டிய பின் வலி குறைந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். திறந்து கிடந்த நரம்பு முனைகள் மூடப்பட்டதுதான் காரணம்.

வெள்ளையாக இருந்து கண்ணாடி போல ஆனது என்று சொல்வதை வைத்துப் பார்த்தால், அது பாலிலாக்டிக் அமில வகையாக இருக்கலாம். தானாகக் கரையும் தையல் நூல்களில் பயன்படும் பொருள்களின் இனம் அது. உடம்புச் சூட்டில் இளகிப் புண்ணின் மேடு பள்ளத்தோடு படிந்துகொள்ளும். நீராவியை வெளியே விடும், கிருமி நுழைவதைத் தடுக்கும். நாளடைவில் சிதைந்து லாக்டிக் அமிலமாகிவிடும். நம் தசைகளிலேயே உண்டாகும் பொருள்தான் அது, பயம் வேண்டாம். நைலான் வலையும் சிலிகோன் படலமும் சேர்ந்த இன்னொரு வகை கரையாது. ஆனால் அடியில் தோல் வளர வளரப் பிடி விட்டுவிடும், மருத்துவர் எடுத்துவிடுவார். எந்த வகை ஒட்டினார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவர் பார்த்தாலும் உதவும்.

ஓரங்கள் காய்ந்து சுருண்டு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்ததும் இழுக்கத்தான் கை போகும். இழுக்காமல், அடுத்த முறை காட்டப் போகும்போது அங்கேயே கத்தரித்துவிடச் சொல்லுங்கள். ஷீட்டை ஒட்டினாற்போல் இருக்கும் மெழுகு வலைத்துணியையும் பிரிக்கக் கூடாது. மேல்கட்டு ஊறிப்போனால் அதை மட்டும் அவர்கள் மாற்றுவார்கள். களிம்பு எதுவும் தடவ வேண்டாம். எண்ணெய்ப் பசை பட்டால் ஷீட்டின் பிடி நழுவிவிடும்.

நான் அதிகம் கவலைப்படுவது ஷீட்டைப் பற்றி அல்ல. சின்னத் தீப்புண்ணாக இருந்தாலும், குழந்தைகளுக்கு அதில் சேரும் ஒருவகைக் கிருமியின் நச்சு இரத்தத்தில் கலந்து உடம்பையே நிலைகுலைய வைக்கலாம். அபூர்வம்தான், ஆனால் மணிக்கணக்கில் முற்றிவிடும். புண் பார்க்கச் சுத்தமாகவே இருக்கும், அதுதான் ஏமாற்றும். முதல் சில நாள்களில்தான் பெரும்பாலும் வரும் என்றாலும், புண் ஆறும்வரை கவனமாக இருங்கள். திடீரென்று கடும் காய்ச்சல், உடம்பில் சிவந்த தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, கூப்பிட்டால் சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இவற்றில் எது தெரிந்தாலும் இரவு என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தீப்புண் இருக்கிறது என்று வாசலிலேயே சொல்லுங்கள். கட்டிலிருந்து நாற்றம், ஷீட்டுக்கு அடியில் சீழ், புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, குறைந்திருந்த வலி மறுபடி கூடுவது ஆகியவையும் அன்றே காட்ட வேண்டியவை.

வெந்நீர்ப் புண் முதல் இரண்டு மூன்று நாளில் தோன்றுவதைவிட ஆழமாக இருந்துவிடுவதும் உண்டு. செத்த திசுவில் இந்த ஷீட் பிடிக்காது. மூன்று வாரம் ஆகியும் ஒரு பகுதி மூடவில்லை என்றால், அந்த இடத்துக்கு அவள் தோலையே மெல்லியதாகச் சீவி ஒட்டச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். தாமதமாக ஆறும் புண்தான் தடித்த தழும்பாகும்.

ஷீட் போன பிறகு தோல் இளஞ்சிவப்பாக, வறண்டு, அரிப்போடு இருக்கும். வாசனை சேர்க்காத ஈரப்பதக் கிரீமைப் பல முறை தடவுங்கள். ஒரு வருடமாவது அந்த இடத்தில் வெயில் படாமல் துணியால் மூடுங்கள். முழங்கை மடிப்பிலும் புண் இருந்தால், கையை எப்போது முதல் நீட்டி மடக்க விடலாம் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.